கலாநிதி யாருக்குக் கடன்பட்டவர்?

மே மாதம் பிறந்துவிட்டால் இலங்கையின் கற்பிட்டிக் குடாநாட்டில், கண்டக்குழிக் கரையில் இரண்டு கூட்டம் காற்றையே பார்த்துக்கொண்டிருக்கும். தென்மேற்குக் காற்று எழும்பினால் கடல் கொந்தளிக்கும். சின்னப் படகுக்காரர்கள் படகைக் கரையேற்றிவிட்டு வலை பொத்துவார்கள். சிலர் வாடி மாறிக் கிழக்குக் கரைக்குப் போவார்கள். அதே காற்றைத் தேடித்தான் ஐரோப்பாவிலிருந்து இளைஞர்கள் பட்டத்தையும் சறுக்குப் பலகையையும் தூக்கிக்கொண்டு வந்து இறங்குகிறார்கள். ஒரு கூட்டத்துக்குப் பஞ்சகாலம், மறு கூட்டத்துக்குத் திருவிழா.

நவம்பரில் கடல் அடங்கியதும் கணக்கு மாறுகிறது. மீன்பாடு தொடங்கும் அதே வேளையில் டொல்பின் பார்க்க உல்லாசப் பயணிகளும் வருவார்கள். விடிகாலையில் ஒரே ஃபைபர் படகில் வலையை ஏற்றுவதா, வெள்ளைக்காரரை ஏற்றுவதா? எண்ணெய்க்கு முற்பணம் தந்த முதலாளிக்கே மீனைப் போட வேண்டும். விலையையும் அவரே சொல்வார். கரைவலை என்றால் செலவைக் கழித்து, மிச்சத்தை வலைச் சொந்தக்காரரான சம்மாட்டிக்கும் இழுத்தவர்களுக்கும் பங்கு பிரிக்க வேண்டும். பங்கில் ஒருவருக்கு மனம் கோணினால் அடுத்த வளைப்புக்கு ஆள் வராது. நட்ட அச்சம், கடன், கூலி, பருவச் சந்தை, தொழிலாளர் மனநிலை என்று முகாமைத்துவ பீடம் ஒன்றின் பாடத்திட்டம் முழுவதும் அந்த மணலிலேயே கிடக்கிறது.

ஆகவே அங்கே ஆய்வு செய்ய வருகிறவர்கள் இருப்பதில் வியப்பில்லை. சுற்றுலா, சிறுதொழில், மீனவர் கடன் என்று வணிக, முகாமைத்துவக் கலாநிதிப் பட்டத்துக்கு ஏற்ற தலைப்புகளுக்குக் கற்பிட்டியில் பஞ்சமே கிடையாது. இந்தப் படிப்பைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எழும் கேள்விகள் பெரும்பாலும் நடைமுறைக் கேள்விகள்தான். எந்தப் பல்கலைக்கழகம், எத்தனை வருடம், கட்டணம் எவ்வளவு, வேலையை வைத்துக்கொண்டு படிக்கலாமா? அவற்றுக்கெல்லாம் கையேடுகள் இருக்கின்றன. கையேட்டில் இல்லாத கேள்வி வேறு: மனிதர்கள் சேர்ந்து தொழில் செய்வதைப் பற்றிய அறிவு எப்படிப்பட்ட அறிவு? அதில் ‘கலாநிதி’ ஆனவர் யாருக்குக் கடன்பட்டவர்?

முதலில் ஆய்வாளரின் கையிலிருக்கும் கருவியைப் பார்ப்போம். இலங்கையின் முகாமைத்துவ ஆய்வேடுகளில் கணிசமானவை வினாக்கொத்தை நம்பி நிற்பவை. ‘நான் புதிய முயற்சிகளில் துணிந்து இறங்குவேன்’ என்று ஒரு வாக்கியம் இருக்கும். அதற்குப் பக்கத்தில் ‘முற்றிலும் உடன்படுகிறேன்’ தொடங்கி ‘முற்றிலும் மறுக்கிறேன்’ வரை ஐந்து கட்டங்கள். இந்த ஐந்து கட்டமே ஒரு கலாநிதி ஆய்வின் பிள்ளை. ரென்சிஸ் லிக்கர்ட் என்ற அமெரிக்கர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1932இல் தம் பட்டத்துக்காகச் செய்த ஆய்விலிருந்து வந்தது அது. பிற்பாடு அவர் முகாமைத்துவச் சிந்தனையாளராகவே பெயர்பெற்றார். கருவியில் குற்றமில்லை. ஆனால் இருட்டில் கடலுக்குப் போய்த் திரும்பும் ஒருவரிடம் ‘துணிந்து இறங்குவீர்களா, ஒன்றிலிருந்து ஐந்துக்குள் சொல்லுங்கள்’ என்று கேட்டால், அவர் மரியாதைக்காக ஒரு கட்டத்தைக் காட்டுவார். அந்தக் கட்டம் கணினிக்குள் போய்ச் சராசரியாகும், நியம விலகலாகும், ஒட்டுறவுக் குணகமாகும். அவர் துணிந்தது எதற்காக, யாருடைய கடனுக்காக என்பது வழியிலேயே உதிர்ந்துவிடும்.

வணிகத்தில் கலாநிதிப் பட்டம் என்பதே பழைய சங்கதி அல்ல. சிக்காகோ பல்கலைக்கழகத்தின் வணிகப் பள்ளி 1920இல்தான் அதற்கான படிப்பைத் தொடங்கியது. வணிகப் பள்ளிகள் வெறும் தொழிற்பயிற்சிக் கூடங்களாக இருக்கின்றன என்று ஃபோர்ட், கார்னகி அறக்கட்டளைகளின் ஆதரவில் 1959இல் வெளிவந்த இரண்டு அறிக்கைகள் சாடின. அதன்பின் அமெரிக்காவில் கணிதமும் பொருளியலும் உளவியலும் படித்த கலாநிதிகளைத் தேடி வணிகப் பள்ளிகள் ஓடின. அந்த ஓட்டம் உலகம் முழுவதும் தொற்றியது. இந்தியாவில் 1961இல் கல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் தொடங்கிய ஐஐஎம்களுக்குப் பட்டம் வழங்கும் அதிகாரமே இருக்கவில்லை. அங்கே நாலைந்து வருடம் மண்டையை உடைத்து ஆய்வு செய்தவருக்கு ‘ஃபெலோ’ என்ற பெயர்தான் கிடைத்தது. 2017ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகே அதே உழைப்புக்குப் பிஎச்டி என்ற பெயர் கிட்டியது. அதற்கு முந்திய ஃபெலோக்கள் அறிவில் குறைந்தவர்கள் என்று ஒருவரும் சொல்வதில்லை. ஆனாலும் பெயர் மாற வேண்டும் என்று பல வருடம் வாதாடினார்கள். மனிதருக்குப் பெயர் முக்கியம்.

எவ்வளவு முக்கியம் என்பதை இலங்கை 2024இன் கடைசியில் கண்டது. பாராளுமன்றத்தின் புதிய சபாநாயகர் அசோக ரன்வலவின் பெயருக்கு முன்னால் இருந்த ‘கலாநிதி’ குறித்துக் கேள்வி எழுந்தது. பட்டம் தமக்கு உண்டு, உரிய ஆவணங்கள் உடனடியாகக் கையில் இல்லை என்று சொல்லி, பதவியேற்று மாதம் முடியுமுன்னே டிசம்பர் 13ஆம் திகதி அவர் விலகினார். சபாநாயகர் பதவிக்குக் கலாநிதிப் பட்டம் தகைமையே அல்ல என்பதுதான் இதில் வேடிக்கை. இருந்தும் நாடே அந்த முன்னொட்டைப் பற்றிப் பேசியது.

இந்த நோய்க்குப் பழைய வைத்தியர் ஒருவர் இருக்கிறார். கற்பிட்டிப் பள்ளிவாசல்களில் அவர் பெயரைக் கேட்காத தலைமுறை இல்லை. இமாம் கஸ்ஸாலி.

1091இல் பக்தாதின் நிழாமிய்யாக் கலாசாலைக்குத் தலைமை ஆசிரியராக அவரை நியமித்தவர் செல்ஜூக் அரசின் வஸீர் நிழாமுல் முல்க். அந்த வஸீரே ஆட்சிமுறை பற்றிச் ‘சியாசத் நாமா’ என்ற நூலை எழுதியவர். இன்றைய பாஷையில் சொன்னால் முகாமைத்துவப் பேராசிரியர். அவர் அமைத்த கலாசாலைகளில் படித்தவர்களுக்குக் காழிப் பதவியும் அரச உத்தியோகமும் காத்திருந்தன. அந்த உச்சியில், நூற்றுக்கணக்கான மாணவர் சூழ இருந்த கஸ்ஸாலிக்கு 1095இல் நாக்கு எழவில்லை. பாடம் சொல்ல வாய் திறந்தால் வார்த்தை வரவில்லை, உணவு இறங்கவில்லை, வைத்தியர்கள் கைவிரித்தார்கள். பின்னாளில் எழுதிய தன்வரலாற்று நூலில் அவரே காரணம் சொல்கிறார். தாம் கற்பிப்பது இறைவனுக்காகவா, பேருக்கும் பதவிக்குமா என்று தம்மையே கேட்டபோது கிடைத்த விடை அவருக்குப் பிடிக்கவில்லை. ஹஜ்ஜுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் பதவியை உதறி, டமஸ்கஸுக்குப் போய்விட்டார்.

கலாநிதி மாணவர் கவனிக்க வேண்டிய இடம் இந்தத் துறவு அல்ல. அதன்பின் அவர் எழுதிய ‘இஹ்யா உலூமுத்தீன்’ நூலின் முதல் பகுதி அறிவைப் பற்றியது. வைத்தியம், கணக்கு, விவசாயம், நெசவு, ஆட்சிமுறை ஆகியவற்றை அங்கே அவர் பர்ளு கிஃபாயா என்கிறார். ஊரில் சிலராவது கற்றிருக்க வேண்டும். ஒருவரும் கற்காவிட்டால் பாவம் ஊர் முழுவதன் மேலும் விழும். பிறகு ஒரு குத்தல். எத்தனையோ ஊர்களில் முஸ்லிம் வைத்தியர் ஒருவர்கூட இல்லை, ஆனால் சட்டம் படிக்க மட்டும் எல்லாரும் முண்டியடிக்கிறார்கள். ஏனென்றால் வக்ஃபு நிருவாகமும் அநாதைச் சொத்தின் பொறுப்பும் நீதிபதிப் பதவியும் வைத்தியத்தில் கிடைப்பதில்லை! தொளாயிரம் ஆண்டுக்கு முந்திய இந்தக் குத்தல் இன்றைய பட்டப்பின் படிப்பு விண்ணப்பக் கட்டு ஒன்றைப் புரட்டிவிட்டு எழுதியது போலவே இருக்கிறது.

கஸ்ஸாலியின் அளவுகோலை எடுத்து வைத்தால் வணிக ஆய்வுக்கு நல்ல இடமே கிடைக்கிறது. ஊரார் உழைப்பையும் பொருளையும் வீணாகாமல் நடத்தத் தெரிந்தவர் ஊருக்கு வேண்டும். அது பர்ளு கிஃபாயாவின் வரம்புக்குள் வரக்கூடியதே. ஆனால் அந்த அளவுகோல் இன்னொன்றையும் கேட்கிறது. ஊரின் கடமையை ஊருக்காக நிறைவேற்றுகிறவர் அதன் பலனை ஊருக்குத் திருப்ப வேண்டாமா? கஸ்ஸாலியும் மூலையிலேயே உட்கார்ந்துவிடவில்லை. 1106இல் நிஷாப்பூரில் மறுபடி கற்பிக்க வந்தார். படிப்பை விடுவது அவருக்கு மருந்தாக இருக்கவில்லை, எதற்காகப் படிப்பது என்பதை மாற்றிக்கொண்டதுதான் மருந்து.

எதற்காக என்பது தனிப்பட்ட மனச்சுத்தி விவகாரம்தானே, அறிவின் தரத்துக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். மற்றத் துறைகளுக்கு அந்தக் கேள்வி பொருந்தும். கற்பிட்டிக்கு அப்பால் கடலில் பார் ரீஃப் பவளத்திட்டு இருக்கிறது. 1992இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 1998இல் கடல் வெப்பமாகி அதன் ஆழங்குறைந்த பகுதிகளில் பவளம் பெருமளவில் வெளிறிச் செத்தது. அதைப்பற்றி ஓர் ஆய்வாளர் பிழையான கோட்பாடு எழுதினாலும் பவளம் அதைப் படிக்கப் போவதில்லை. தன் பாட்டுக்கு வாழும், சாகும். மனிதர்கள் படிக்கிறார்கள். படித்து, கோட்பாடு சொன்னபடியே மாறியும் விடுகிறார்கள்.

இதை உரக்கச் சொன்னவர் சுமந்திர கோஷல். கல்கத்தாக்காரர், இந்தியன் ஒயில் நிறுவனத்தில் பல வருடம் வேலை பார்த்துவிட்டுப் படிக்கப் போனவர். எம்ஐடியிலும் ஹார்வர்டிலும் ஏறக்குறைய ஒரே காலத்தில் இரண்டு கலாநிதிப் பட்டங்கள் எடுத்தார் (ஒன்றுக்கே நாக்குத் தள்ளுகிறவர்கள் பெருமூச்சு விடலாம்). 2004இல் அவர் இறந்த பிறகு, 2005இல் வெளியான கட்டுரையில் தம் துறையையே கூண்டில் ஏற்றினார். ‘முகாமையாளர் சுயநலக்காரர், கண்காணிக்காவிட்டால் உரிமையாளரை ஏமாற்றுவார்’ என்ற அடிப்படையில் எழுந்த முகவர் கோட்பாட்டை வணிகப் பள்ளிகள் வருடக்கணக்காகக் கற்பித்தன. அதைப் பரீட்சைக்குப் பாடமாக்கிக்கொண்டு போனவர்கள் நிறுவனங்களில் அப்படியே நடந்தார்கள். அப்படி நடக்கத் தங்களுக்கு உரிமை உண்டென்றும் நம்பினார்கள். 2001இல் என்ரோன் சரிந்ததும் பள்ளிகள் அவசர அவசரமாக ஒழுக்கவியல் பாடத்தைச் சேர்த்தன. புதிதாக ஒன்றைச் சேர்ப்பதைவிடப் பழைய சிலவற்றைக் கற்பிப்பதை நிறுத்துவதே தேவை என்பது கோஷலின் வாதம்.

மிகைப்படுத்துகிறாரா? கொஞ்சம். ஆனால் அவர் பக்கம் சாட்சிகள் உண்டு. ரொபர்ட் ஃபிராங்கும் இரு துணை ஆய்வாளர்களும் 1993இல் வெளியிட்ட ஆய்வில், ஒத்துழைத்தால் இருவருக்கும் லாபம், காலைவாரினால் தனக்கு மட்டும் கூடுதல் லாபம் என்ற விளையாட்டில் பொருளியல் மாணவர்கள் மற்றவர்களைவிட அதிகமாகக் காலைவாரினார்கள். சுயநலக்காரர்தான் அந்தப் படிப்பைத் தெரிந்தெடுக்கிறார்களா, படிப்புத்தான் அப்படி ஆக்குகிறதா என்ற சர்ச்சை இன்னும் ஓயவில்லை. இரண்டில் எது சரியானாலும் அந்த வகுப்பில் பாடம் நடத்துகிறவர் கையைக் கழுவிவிட முடியாது.

கரைவலைக்கே இது நேரடியாகப் பொருந்தும். பொதுச் சொத்தை மனிதர்கள் போட்டி போட்டு அழித்துவிடுவார்கள் என்று காரெட் ஹார்டின் என்ற உயிரியலாளர் 1968இல் எழுதினார். அதைப் பிடித்துக்கொண்டு கடலையும் காட்டையும் ஒன்றில் அரசிடம், இல்லாவிட்டால் தனியாரிடம் கொடுத்துவிடுங்கள் என்ற ஆலோசனை உலகெங்கும் கிளம்பியது. எலினோர் ஒஸ்ட்ரம் அதற்கு மறுமொழி சொன்னார். அவருக்குப் போதிய கணிதம் இல்லை என்று பொருளியல் கலாநிதிப் படிப்பில் இடம் மறுத்தது கலிபோர்னியாப் பல்கலைக்கழகம். அரசியல் விஞ்ஞானத்தில் சேர்ந்தார். லொஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் நிலத்தடி நீரை மக்கள் எப்படிப் பகிர்ந்து காத்தார்கள் என்பதே ஆய்வு, 1965இல் பட்டம். பொருளியல் துறை கதவைச் சாத்திய அவருக்கு 2009இல் பொருளியலுக்கான நோபெல் பரிசு கிடைத்தது, அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண்ணாக.

1990இல் வந்த அவருடைய புத்தகத்தில் இலங்கைக் கரைவலையும் இருக்கிறது. தென்கரையில் மாவெல்ல என்ற ஊர். மானிடவியலாளர் பால் அலெக்சாந்தர் அங்கே தங்கிச் செய்த ஆய்வை ஒஸ்ட்ரம் எடுத்து அலசுகிறார். மீன் அதிகம் படும் இடமும் நேரமும் எல்லாருக்கும் வந்துசேரும்படி வலைகள் முறைவைத்து இறங்கின. நுட்பமான ஏற்பாடு, எந்த வணிகப் பள்ளியும் வகுத்துக் கொடுத்ததல்ல. ஆனால் வலைகளின் தொகை பெருகிக்கொண்டே போனது. வலைக்கு வரம்பு போட்ட சட்டம் இருந்தும், அழுத்தங்களால் அதிகாரிகள் அதை நிறைவேற்றவில்லை. கடைசியில் கடல் கொடுத்ததைவிட வலைக்குப் போட்ட முதல் அதிகமாகிவிட்டது. மீனவர் அறிவு எப்போதும் வெல்லும் என்று ஒஸ்ட்ரம் புகழ்பாடவில்லை. தோற்ற கதையையும் அதே கவனத்தோடு சொன்னார். நேர்மையான ஆய்வு என்றால் இதுதான். ஊரைத் தாழ்த்தவும் இல்லை, தலையில் தூக்கிவைத்து ஆடவும் இல்லை.

கற்பிட்டியில் பதினான்கு தீவுகளை வளைத்து அரசு வகுத்த சுற்றுலாத் திட்டத்தையும் இந்த இடத்தில் நினைக்கலாம். வலை இழுக்கும் இடமும் படகு ஏற்றும் வழியும் போய்விடும் என்று மீனவர் எதிர்த்தார்கள். உறுதி எழுதாத கரை வெறுங்கரை என்பதும் ஒரு கோட்பாடுதான். அதை எங்கோ ஒரு வகுப்பில் யாரோ கற்பித்திருக்கிறார்கள்.

எதிர்ப்பக்கத்துக்கும் ஒரு தமிழ்நாட்டுக்காரரைக் கூப்பிடலாம். கோயம்புத்தூரில் 1941இல் பிறந்த சி. கே. பிரகலாத் யூனியன் கார்பைடில் வேலை செய்து, அகமதாபாத்தில் படித்து, 1975இல் ஹார்வர்டில் வணிக நிருவாகக் கலாநிதி ஆனவர். ஏழைகளைத் தர்மம் கேட்பவர்களாகப் பார்க்காதீர்கள், வாடிக்கையாளராகப் பாருங்கள் என்று 2004இல் எழுதிய புத்தகத்தில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை உதாரணம் காட்டினார். 1976இல் 11 கட்டில்களோடு கோ. வெங்கடசாமி தொடங்கியது அது. அவர் எந்த வணிகப் பள்ளியிலும் படித்தவரல்லர். ஆனால் பிரகலாத்தின் எழுத்து அந்த அனுபவத்தை உலகத்துக்குப் பாடமாக்கியது. அறிவு ஓர் ஊரிலிருந்து எடுக்கப்பட்டு ஆயிரம் ஊருக்குப் போனது. பிரகலாத் கற்பித்த மிச்சிகன் பல்கலைக்கழகத்திலேயே அவருடைய சக பேராசிரியரான அனீல் கர்னானி இந்தக் கோட்பாட்டைக் கடுமையாக மறுத்தார்: ஏழைக்கு விற்பதால் அல்ல, ஏழை செய்வதை வாங்குவதால்தான் வறுமை குறையும் என்றார். கண்டக்குழிக் கண்ணால் பார்த்தால் கர்னானி சொன்னதில் எடை அதிகம். அங்கே குறைவது வாங்குவதற்குச் சவர்க்காரப் பக்கெட் அல்ல, விற்கும் மீனுக்கு நியாய விலை.

இந்தக் கரைக்கு அறிஞர்கள் புதியவர்களும் அல்லர். கற்பிட்டியில் 1807இல் பிறந்த சைமன் காசிச்செட்டி, இலங்கையின் ஊர்களையும் மக்களையும் தொகுத்த ‘சிலோன் கசற்றியர்’ நூலை 1834இல் வெளியிட்டபோது அவருக்கு 27 வயது. நாட்டில் அன்று பல்கலைக்கழகமே இல்லை. தமிழ்ப் புலவர் வரலாறுகளைத் திரட்டி 1859இல் ‘தமிழ் புளூட்டாக்’ எழுதினார். பட்டமில்லாத ஆய்வு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அவர் சாட்சி. ஆனால் இந்த இரண்டு நூல்களும் ஆங்கிலத்தில். தமிழ்ப் புலவர் சரித்திரங்கள் தமிழிலேயே ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளையின் ‘பாவலர் சரித்திர தீபகம்’ ஆக வர 1886 ஆகிவிட்டது.

இன்றைய ஆய்வேடுகளுக்கு அந்த 27 வருடக் காத்திருப்பு கூட வாய்ப்பதில்லை. முகாமைத்துவக் கலாநிதி ஆய்வுகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே எழுதப்படுகின்றன. வாய்மொழிப் பரீட்சை முடிந்ததும் ஒரு பிரதி பல்கலைக்கழக நூலகத்தின் தட்டில் ஏறும். அதிலிருந்து பிழிந்த இரண்டு கட்டுரைகள் சர்வதேச ஆய்விதழ்களுக்குப் போகும். விரிவுரையாளருக்குப் பதவி உயர்வு வரும். இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் 12ஆம் மட்டம், அதற்கு மேல் படியில்லை. ஐந்து கட்டங்களில் ஒன்றைக் காட்டிய மீனவருக்கு மட்டும் ஒன்றும் வராது. தம் வாழ்க்கையைப் பற்றி என்ன முடிவாயிற்று என்று அவர் கேட்டால் சொல்லக்கூட ஆளில்லை. இதை அலட்சியம் என்று விட்டுவிட முடியாது; வாங்கிய கடனைத் திருப்பாதது என்றே சொல்ல வேண்டும். எண்ணெய் முற்பணத்தை ஒரு ரூபாய் விடாமல் கணக்குப் பார்க்கும் ஊரில் இந்தக் கணக்கு மட்டும் தீராமலே கிடக்கிறது.

ஆகவே ஆய்வு மாணவருக்கும் மேற்பார்வையாளருக்கும் ஒரு வேண்டுகோள். கற்பிட்டியைப் பற்றி எழுதினால், முடிவுகளைத் தமிழிலும் சிங்களத்திலும் பத்துப் பக்கத்தில் எழுதுங்கள். வாய்மொழிப் பரீட்சைக்கு முன்னால் அதை எடுத்துப்போய், மீனவர் கூட்டுறவுச் சங்கத்திலோ பள்ளிவாசல் முற்றத்திலோ கோயில் மண்டபத்திலோ உட்கார்ந்து வாசித்துக் காட்டுங்கள். பிழை என்று அவர்கள் சொல்லும் இடங்களைக் குறித்துக்கொண்டு வந்து ஆய்வேட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்கொரு நல்ல காலமும் இருக்கிறது: மே முதல் செப்டம்பர் வரை படகுகள் பெரும்பாலும் கரையில்தான் நிற்கும், ஊரில் இருக்கும் ஆட்களும் பேச நேரத்தோடு இருப்பார்கள்.